இருபத்தொன்பதாம் பிரிவு: இலங்கை குடியரசான வழி, ராமநாதபுரக் கரையிலிருந்து

இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4. குடியரசானது 1972 மே 22. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் சிலோன் அரசியல் பேசாத டீக்கடை கிடையாது. ஆனால் அந்தப் பேச்சில் இந்த இரண்டு தேதிகளும் ஒன்றாகிவிடும். வெள்ளைக்காரன் போனான், பெரும்பான்மை கைக்கு அரசு வந்தது, தமிழன் பாடு திண்டாட்டமானது என்று மூன்று வரியில் கதை முடிந்துவிடும். நடுவில் கிடக்கும் 24 வருடத்தை யாரும் தொடுவதில்லை. விஷயம் முழுக்க அந்த 24 வருடத்துக்குள்தான் இருக்கிறது. அதுவும் ஒரே ஒரு சட்டப் பிரிவைச் சுற்றியே இருக்கிறது. விடுதலையின்போது இலங்கையில் நடப்பில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

1948இல் கைமாறியது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அன்று இலங்கைக்குக் கிடைத்தது டொமினியன் தகுதி. நாட்டின் தலைவர் அப்போதும் பிரிட்டிஷ் மன்னர்தான். கொழும்பில் அவர் சார்பில் ஒரு மகாதேசாதிபதி, அதாவது கவர்னர் ஜெனரல். கடைசி ஆளுநராக இருந்த ஹென்றி மூர்தான் முதல் மகாதேசாதிபதியும். நேற்று ஆளுநர், இன்று மகாதேசாதிபதி, ஆள் மாறவில்லை. அடுத்து வந்தவர் சோல்பரி பிரபு, அரசியலமைப்புக்குப் பரிந்துரை எழுதிய அதே ஆள். 1954இல் சர் ஆலிவர் குணதிலக வந்த பிறகுதான் அந்த நாற்காலியில் ஓர் இலங்கையர் உட்கார்ந்தார். மேல்முறையீட்டின் கடைசிப் படி லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானதளமும் 1957 வரை பிரிட்டிஷ் படைகள் வசம்.

காகிதங்கள் மூன்று. முதலாவது, 1946 மே மாதத்து அரசாணை. நாடாளுமன்றம், அமைச்சரவை, தேர்தல் எல்லாம் இதில்தான். இரண்டாவது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1947 டிசம்பர் 10இல் மன்னர் ஒப்புதல் பெற்ற இலங்கைச் சுதந்திரச் சட்டம். இனி லண்டன் இலங்கைக்காகச் சட்டம் இயற்றாது என்பதுதான் அதன் சாரம். மூன்றாவது, 1947 நவம்பரில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க தரப்பு கையெழுத்திட்ட பாதுகாப்பு, வெளியுறவு, அரசு அதிகாரிகள் பற்றிய ஒப்பந்தங்கள். இவற்றில் எதையும் இலங்கை மக்கள் தேர்ந்தெடுத்த நிர்ணய சபை எழுதவில்லை. அப்போதிருந்த சட்டமன்றமான அரசாங்க சபை 1945 நவம்பரில் 51க்கு 3 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். இந்தியாவில் நடந்தது வேறு. இங்கே ஓர் அரசியல் நிர்ணய சபை உட்கார்ந்து எழுதியது. எழுதி முடித்ததும் 395ஆவது பிரிவில் 1947ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தையே ரத்து செய்தது. எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்ததோ அதையே வெட்டிவிட்டுத் தன் காலில் நின்றது. இலங்கையின் இடதுசாரிகளுக்கு இது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

அந்த 1946 அரசாணையில்தான் 29ஆவது பிரிவு இருந்தது. முதல் உட்பிரிவு நாடாளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தருகிறது. இரண்டாவது அதற்கு வரம்பு போடுகிறது. எந்த மதத்தின் வழிபாட்டையும் தடுக்கும் சட்டம் கூடாது. மற்ற சமூகத்தாருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தார் மீது சுமத்தும் சட்டம் கூடாது. மற்றவர்க்கு இல்லாத சலுகையை ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ தரும் சட்டமும் கூடாது. மத அமைப்பின் விதிகளை அதன் சம்மதமின்றி மாற்றக் கூடாது. மூன்றாவது உட்பிரிவு, இதை மீறிய சட்டம் செல்லாது என்கிறது. நான்காவது, பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் அரசியலமைப்பைத் திருத்தலாம் என்கிறது. அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயம் அதில் கிடையாது. சிறுபான்மையினருக்கு இருந்த ஒரே அரண் இதுதான்.

அரண் முதல் தாக்குதலிலேயே விழுந்தது. அந்த வழக்கு நேரே நம் கரையைத் தொட்டது.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களில் பெரும்பகுதி பழைய ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்தவை. அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் சேர்த்தது. தோட்டத் தொழிலாளரின் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமான் பிறந்த மூனாபுதூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு போகிறவர்கள் எல்லாம் மண்டபம் முகாம் வழியாகத்தான் போனார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்து, சில நாட்கள் தனியாக வைத்திருந்து கப்பலேற்றினார்கள். கூலிகளாகப் போவதை இந்திய அரசு 1939இல் தடை செய்தது. ஆனாலும் ஏற்கெனவே போனவர்கள் திருவிழா, கல்யாணம், சாவு என்று வந்து போவது நிற்கவில்லை. இந்த வந்து போவதுதான் பின்னால் அவர்கள் கழுத்தை இறுக்கியது.

விடுதலை கிடைத்த அதே வருடம் நவம்பர் 15இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசையில் பிறந்த பிள்ளைக்குத் தன் பிறப்புச் சீட்டே அரிது. தகப்பனுடையதற்கு எங்கே போவது? 1949இல் இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்பாகத் தொடர்ந்து 7 வருடம் குடியிருந்திருந்தால் திருமணமானவர் விண்ணப்பிக்கலாம். மணமாகாதவருக்கு 10 வருடம். இடையில் ஒரு தடவை 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கியிருந்தால் அதுவும் குறை. விண்ணப்பிக்க இரண்டே வருடம் அவகாசம். பரமக்குடிப் பக்கமோ முதுகுளத்தூர்ப் பக்கமோ போய், தாய் இறந்த காரியம் முடித்து, மழை பொய்த்த வருடம் அங்கேயே கூலி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் அந்தப் பயணத்தாலேயே நாட்டை இழந்தார். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கக் குடியுரிமை வேண்டும் என்றார்கள். 1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்ற தொண்டமான், மறுபடி தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் போக 1977 ஆனது. நடுவில் மலையகத் தமிழர் ஒருவரைக்கூட வாக்குச்சீட்டு அனுப்பிவைக்கவில்லை. போனவர்கள் நியமன உறுப்பினர்கள்.

ஒரு சமூகத்தை மட்டும் குறி வைத்த சட்டம் இது, 29ஆவது பிரிவின்படி செல்லாது என்று கோடகன் பிள்ளை என்பவர் பெயரில் வழக்கு நடந்தது. 1953இல் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது. யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான உரிமை. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. நிபந்தனையை நிறைவு செய்ய யாருக்கும் வழி இருக்கிறது என்பது அவர்கள் வாதம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள், யார் தலையில் விழுகிறது என்று பார்க்கவில்லை. லண்டனில் உட்கார்ந்து தீர்ப்பெழுதும் ஒரு நீதிமன்றம் சிறுபான்மையைக் காப்பாற்றும் என்று நம்பியது எவ்வளவு வீண் என்பதற்கு இந்தத் தீர்ப்பு ஒன்றே போதும். இதை மறந்துவிட்டு 29ஆவது பிரிவை ஏதோ பொற்காலத்துச் சாசனம்போல் பேசுவது சரியில்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 1949 நவம்பரில் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அதுவரை இரு கரைக்கும் பொதுவாக இருந்த கடலில் கடவுச்சீட்டும் விசாவும் புகுந்தன. முன்பு வள்ளத்தில் போய்வந்த அதே பயணத்துக்குக் கள்ளத்தோணி என்று பெயர் வந்தது. 1963இல் அதைத் தடுக்கவே இலங்கை ராணுவத்தில் தனிப் படைப்பிரிவு வைத்தார்கள்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம், மறு வருடமே அது கிழிந்தது, 1958 கலவரம், 1959இல் பண்டாரநாயக்க கொலை, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமராக சிறிமாவோ, 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்கவுடன் செல்வநாயகம் செய்த இன்னோர் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறாதது: இவை பலமுறை எழுதப்பட்டவை. நமக்கு வேண்டியது இதே காலத்தில் நீதிமன்றங்களில் நடந்தது. அதைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவு.

1964இல் பிரிவி கவுன்சில், லஞ்ச ஆணையாளருக்கும் ரணசிங்க என்பவருக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. வழக்குக்கும் இனப் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை. லஞ்சத் தீர்ப்பாயத்து நியமனங்கள் அரசியலமைப்புக்கு முரண், திருத்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஆனால் தீர்ப்பெழுதிய பியர்ஸ் பிரபு போகிற போக்கில் 29(2)ஐப் பற்றி ஒரு கருத்து எழுதினார். இலங்கையின் மக்கள் தங்களுக்குள் எந்த அடிப்படையில் இந்த அரசியலமைப்பை ஏற்றார்களோ அதுவே இந்த உட்பிரிவு, ஆகவே இந்த அரசியலமைப்பின் கீழ் இதை மாற்றவே முடியாது என்பது அதன் கருத்து. மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலும் முடியாது. வழக்கின் முடிவுக்கு இந்த வரி தேவையில்லாதது. அதனால் கட்டுப்படுத்தும் தீர்ப்பும் ஆகாது. ஆனாலும் கொழும்பில் அதைப் படித்தவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும்.

அடுத்து கோடீஸ்வரன் வழக்கு. அவர் அரசு எழுத்தர், தமிழர். சிங்களத் தேர்வில் தேறவில்லை என்று 1962இல் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். தனிச் சிங்களச் சட்டமே 29ஆவது பிரிவை மீறியது, அதன் கீழ் வந்த சுற்றறிக்கை செல்லாது என்று வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஓர் ஆட்சிமொழிச் சட்டம் செல்லாது என்று ஒரு மாவட்ட நீதிமன்றம் சொன்னது சாதாரணச் செய்தி அல்ல. அரசு மேல்முறையீடு செய்தது. 1967இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக் கேள்வியைத் தொடவே இல்லை. அரசு ஊழியர் சம்பளத்துக்காக முடியரசின் மீது வழக்குப் போட முடியாது என்று ஒதுக்கிவிட்டது. 1969இல் பிரிவி கவுன்சில், அது தவறு, வழக்குப் போடலாம், மூலக் கேள்வியை விசாரித்து முடிவு சொல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்கே திருப்பியது.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். 1953இல் உதவாத அரண் 1969இல் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அடுத்து என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம். கேள்வி அதன் மேசைக்கு வந்துவிட்டது. அது விசாரிக்கப்படாமலேயே போனது. 1971இல் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை நீக்கினார்கள். 1972இல் 29ஆவது பிரிவே போனது. குடியரசு பிறந்த விதத்தைப் புரிந்துகொள்ள இந்த மூன்று வருட இடைவெளிதான் திறவுகோல் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

1970 மே 27 தேர்தலுக்கு வருவோம். சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி 91, லங்கா சமசமாஜக் கட்சி 19, கம்யூனிஸ்ட் கட்சி 6. மூன்றும் சேர்ந்த ஐக்கிய முன்னணிக்கு, தேர்தல் நடந்த 151 இடங்களில் 116. ஐக்கிய தேசியக் கட்சி 17க்குச் சுருங்கியது. தமிழரசுக் கட்சி 13, தமிழ்க் காங்கிரஸ் 3. நியமன உறுப்பினர் 6 பேரையும் சேர்த்தால் சபையில் 157 பேர். மூன்றில் இரண்டு என்றால் 105 போதும். 29(4)இன்படி வேண்டிய திருத்தம் செய்து ராணியை எடுத்துவிட்டுக் குடியரசுத் தலைவரை வைத்திருக்கலாம். ஒரே அமர்வில் முடிகிற வேலை. ஏன் செய்யவில்லை?

காரணங்கள் இரண்டு. ஒன்று வெளிப்படையானது. அரசியலமைப்பு விவகார அமைச்சரான கொல்வின் ஆர். டி சில்வா சமசமாஜக் கட்சிக்காரர், பெரிய வழக்கறிஞர். ஓடுகிற வள்ளத்தின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினாலும் அடிமரமான ஏரா பழையதுதானே, அது பிரிட்டிஷ் அரசாணை என்ற ஏரா. புதிய ஏரா போட்டுக் கட்டினால்தான் அது நம் வள்ளம் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். மக்களின் இறைமையிலிருந்து நேரே பிறந்த அரசியலமைப்பு வேண்டும். இரண்டாவது காரணம் பியர்ஸ் பிரபுவின் அந்த வரி. பழைய வழியில் போனால் 29(2) கூடவே ஒட்டிக்கொண்டு வரும், எதிர்காலத்தில் எந்த நீதிமன்றமும் அதைப் பிடித்துக்கொண்டு புதிய ஏற்பாட்டைச் செல்லாதென்று சொல்லலாம். இரண்டு காரணமும் ஒரே கதவைக் காட்டின: பழைய சட்டத்தின் வழியே போகாதே, வெளியே வா.

அதைச் செய்த முறையில் கைத்தேர்ச்சி இருக்கிறது. தேர்தல் அறிக்கையிலேயே, எங்கள் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலும் இருப்பார்கள், அதே நேரம் அரசியல் நிர்ணய சபையாகவும் செயல்படுவார்கள், அதற்கு ஆணை தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். வென்ற பிறகு மகாதேசாதிபதி சபையைக் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் அது ராணியின் அதிகாரத்தில் கூடியதாகிவிடும். பிரதமர் உறுப்பினர்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினார். நாடாளுமன்றக் கட்டடத்திலும் கூடவில்லை. 1970 ஜூலை 19 அன்று கொழும்பு ராயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்தில் கூடினார்கள். ஆட்கள் அதே 157 பேர், சட்டப்படி வேறு சபை. ஜூலை 21இல் நிர்ணய சபையாகத் தங்களை அமைத்துக்கொள்ளும் தீர்மானம் நிறைவேறியது. ஐக்கிய தேசியக் கட்சியும் தமிழரசுக் கட்சியும் அந்தக் கட்டத்தில் ஒத்துழைத்தன. செல்வநாயகம் உள்ளே போனார். இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்திலேயே தமிழர் புறக்கணித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல.

பிறகு வேலை நடந்த விதம்: அமைச்சகம் அடிப்படைத் தீர்மானங்களை எழுதிக் கொண்டுவரும், வழிநடத்தும் குழு பார்க்கும், முழுச் சபை ஒவ்வொன்றாக வாக்கெடுக்கும், ஏற்றவற்றை வைத்து வரைவு எழுதப்படும். சாதாரணப் பெரும்பான்மை போதும். 157இல் 116ஐக் கையில் வைத்திருப்பவர் முன் இது வெறும் வரிசை முறை ஆகிவிட்டது. இலங்கை ஒற்றையாட்சி நாடு என்பது இரண்டாவது தீர்மானம். கூட்டாட்சி வேண்டும் என்று உடுவில் உறுப்பினர் வி. தர்மலிங்கம் 1971 மார்ச்சில் திருத்தம் கொண்டுவந்தார், தோற்றது. அடுத்த மாதமே, ஏப்ரல் 5இல், மக்கள் விடுதலை முன்னணியின் சிங்கள இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. மார்ச்சிலேயே அறிவித்த அவசரநிலை நடப்பில் இருந்தது, நிர்ணய சபை அந்த அவசரநிலைக்குள்ளேயே தொடர்ந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற தீர்மானம் வந்தது. மொழித் தீர்மானத்தில், 1956 சட்டத்தை அப்படியே அரசியலமைப்புக்குள் தூக்கி வைத்தார்கள். தமிழரசுக் கட்சியின் மொழித் திருத்தங்கள் தோற்றதும் 1971 ஜூன் 28 அன்று அவர்கள் நிர்ணய சபையை விட்டு விலகினார்கள்.

இதற்கிடையே அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையை ஒழித்தார்கள், அதுவும் பழைய அரசியலமைப்பின் திருத்த வழியிலேயே. ஒரு கையால் பழைய வழியைப் பயன்படுத்திக்கொண்டு மறு கையால் புதிய வழி போட்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. பழைய வழி அடைபட்டிருக்கவில்லை.

1972 மே 22. ஆதரவு 119, எதிர்ப்பு 16. ராணியின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. நேற்றுவரை ராணியின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ அன்றே முதல் குடியரசுத் தலைவரானார். 1948இல் ஆளுநர் மகாதேசாதிபதியானதுபோல இப்போதும் ஆள் மாறவில்லை, பதவி மாறியது. நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் ஸ்ரீலங்கா ஆனது. காமன்வெல்த்தில் இருந்து விலகவில்லை. குடியரசாக இருந்துகொண்டே அதில் நீடிக்கலாம் என்ற வழியை 1949இல் இந்தியாவுக்காகவே திறந்திருந்தார்கள்.

அந்த அரசியலமைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், இறைமை மக்களிடம் என்ற பிரிவு நன்று. அடிப்படை உரிமைகளுக்குத் தனிப் பகுதி வந்தது, அதுவும் முன்னேற்றம்தான். ஆனால் அந்த உரிமைகளை எந்தெந்தக் காரணத்துக்காகக் குறைக்கலாம் என்று அடுத்த உட்பிரிவிலேயே நீண்ட பட்டியல். புதிய நாடாளுமன்றமான தேசிய அரசுப் பேரவைதான் அரச அதிகாரத்தின் உச்ச கருவி. நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாதென்று சொல்ல முடியாது. மசோதா நிலையில் மட்டும் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். அதற்கு அவகாசம், மசோதா பேரவைக்கு வந்த ஒரு வாரம். தேச நலன் கருதி அவசரம் என்று அமைச்சரவை முத்திரை குத்தினால் அந்த நீதிமன்றம் 24 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் இருக்கும் ஒருவர் மசோதா வந்தது என்று கேள்விப்படும் முன்பே காலம் தாண்டிவிடும். குடியரசுத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, பேரவையும் தேர்ந்தெடுப்பதில்லை, பிரதமர் நியமிக்கிறார். அரசு ஊழியர் நியமனம் அமைச்சரவை கையில். 1970இல் ஐந்து வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், புதிய பேரவையின் காலம் 1972 மே 22 முதல் ஐந்து வருடம் என்று எழுதிக்கொண்டார்கள். வாக்காளரைக் கேட்காமல் இரண்டு வருடம் கூடியது. மக்களின் இறைமை என்று தொடங்கிய ஒரு சாசனம் இதைச் செய்யலாமா? இதை எதிர்க்க தமிழராக இருக்க வேண்டியதில்லை.

29ஆவது பிரிவு எங்கும் இல்லை. அதன் இடத்தில் எதுவும் இல்லை.

ஏராவை மாற்றியதில் எங்களுக்குக் குறை இல்லை. இந்தியாவும் அதைத்தான் செய்தது, எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் இந்தியாவில் வேரை வெட்டிய கையோடு 13ஆவது பிரிவை எழுதினார்கள்: உரிமையை மீறும் சட்டம் செல்லாது. 32ஆவது பிரிவை எழுதினார்கள்: குடிமகன் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம். லண்டனை நீக்கிவிட்டு டெல்லியில் அதைவிட வலுவான நீதிமன்றத்தை வைத்தார்கள். கொழும்பில் லண்டனை நீக்கிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். கோடீஸ்வரன் வழக்கின் மூலக் கேள்விக்கு விடை சொல்ல ஆளே இல்லாமல் போனது தற்செயல் அல்ல.

விளைவு உடனே தெரிந்தது. குடியரசு பிறக்க எட்டு நாள் இருக்கையில், மே 14இல், தமிழ்க் கட்சிகள் திருகோணமலையில் கூடித் தமிழர் ஐக்கிய முன்னணி அமைத்தன. அக்டோபர் 3இல் செல்வநாயகம் தன் காங்கேசன்துறை இடத்தை விட்டு விலகி, இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்ப்போம் என்றார். அரசு இடைத்தேர்தலை 1975 பிப்ரவரி 6 வரை நடத்தவே இல்லை. நடத்தியபோது அவர் 25,927 வாக்கு, எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலம் 9,457. அடுத்த வருடம் மே 14இல் தனித் தமிழ் ஈழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். அதற்குப் பிறகு வந்ததை இந்தக் கரை படகு படகாகப் பார்த்தது.

தோட்டத் தொழிலாளர் கதை வேறு பாதையில் போனது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம். 1974இல் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த இரண்டாம் மாதமே, டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வைத்துக்கொண்டு தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்து, நீலகிரித் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரி ரப்பர் தோட்டம், கடன் உதவி என்று பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்தக் கடன்களுக்காக 1969இல் தொடங்கியதுதான் ரெப்கோ வங்கி. நாலரை லட்சத்துக்கும் மேல் இப்படி வந்தார்கள். பாட்டன் கப்பலேறப் போன அதே முகாமில் பேரன் திரும்ப வந்து வரிசையில் நின்றான்.

கச்சத்தீவைச் சொல்லாமல் இந்தக் கரையில் எதையும் முடிக்க முடியாது. 1974 ஜூன் ஒப்பந்தம் குடியரசான இலங்கையோடு போட்டது. தீவு 285 ஏக்கர். இந்திய மீனவரும் யாத்திரிகரும் கடவுச்சீட்டின்றித் தீவுக்கு வந்து போகலாம் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. 1976இல் கைமாறிய கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று மூடின. நிலத்தை வேறு நாட்டுக்குத் தர அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1960இல் பெருபாரி விவகாரத்தில் சொல்லியிருந்தது. இங்கே எல்லை எது என்று தீர்த்துக்கொண்டோம், எதையும் தாரை வார்க்கவில்லை என்று மத்திய அரசு நின்றது. திருத்தம் வரவில்லை.

1978இல் ஜெயவர்த்தன இரண்டாவது குடியரசு அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி வந்தார், தமிழுக்குத் தேசிய மொழி என்ற தகுதி வந்தது, அடிப்படை உரிமை மீறலுக்கு உச்ச நீதிமன்றம் போகும் வழி வந்தது. நிறைவேறிய சட்டத்தைத் தொடக் கூடாது என்ற தடை மட்டும் 1972இல் இருந்து அப்படியே தொடர்கிறது.

இந்தச் சட்ட வரலாறு மண்டபம் முகாமில் இன்னும் முடியவில்லை. 1984இல் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களும், கடவுச்சீட்டு கிடைத்தும் வர முடியாமல் போனவர்களும் மலையகத்தில் மாட்டிக்கொண்டார்கள். கலவரத்தில் ஓடி வந்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. அவர்களையும் இங்கே அகதி என்றே பதிந்தார்கள். இலங்கை 2003இல் ஒரு சட்டம் போட்டு, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. இந்தியப் பக்கத்தில் அதே 2003 திருத்தம் வேறு திசையில் போனது. உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவர் பதிவு வழியிலும் குடியுரிமை கேட்க முடியாது என்றது. 2019 ஜூனில் திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

முகாமில் இருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. 1955 குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவின்படி, 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் நடுவே இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் யார், எந்தப் படகில் வந்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் காலத்தில் மண்டபத்தில் பிறந்தவர் முகாம் பதிவேட்டை நம்பி இருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழை வாங்கி வைக்க வேண்டும், பிறப்பு பதிவாகாமல் போயிருந்தால் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அங்கேதான் கண்டியில் கொடுத்த அந்தப் பழைய கடவுச்சீட்டுக்கும் குடும்ப அட்டைக்கும் மதிப்பு. கிழிந்திருந்தாலும், எழுத்து மங்கியிருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது. எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, மூலத்தைத் தனியாக வைக்க வேண்டும்.